அட்டை தீர்க்காத செலவு

ஆந்திரப் பிரதேசத்தில் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அரசின் மருத்துவ அட்டை உண்டு. 3,257 வகைச் சிகிச்சைகள் அதில் அடங்கும். ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பு 2023 டிசம்பரில் 25 லட்சமாக உயர்ந்தது. அப்படியிருந்தும் சித்தூரிலும் திருப்பதியிலும் வைத்தியச் செலவுக்காகக் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதும் கறவை மாடு கைமாறுவதும் நிற்கவில்லை. அட்டையால் பிழைத்தவர்கள் ஏராளம். அதை மறுப்பது அநியாயம். ஆனால் அட்டை எந்தச் செலவைத் தீர்க்கிறது, எதைத் தொடாமலே விட்டுவிடுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் மருத்துவச் சீர்திருத்தம் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

அப்படிப் பிரித்துப் பார்க்க பழைய சித்தூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 2022 ஏப்ரலில் அது சித்தூர், திருப்பதி, அன்னமய்யா என்று உடைவதற்கு முன், ஏழையின் வைத்தியத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த ஒரே மாவட்டத்தில் நான்கு விடைகள் முயன்று பார்க்கப்பட்டன. மிஷன் கொடுத்தது, கோயில் கொடுத்தது, அரசு கொடுத்தது. நான்காவது விடை, நோயாளியே கொடுக்கட்டும் என்பது.

நான்காவதிலிருந்து தொடங்குகிறேன். சித்தூருக்குப் பக்கத்தில் உள்ள அரகொண்டா கிராமத்தில் பிறந்தவர் டாக்டர் பிரதாப் சி. ரெட்டி. 1979இல் அவரிடம் வந்த ஓர் இளம் நோயாளிக்கு இதய அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அதற்கு அமெரிக்கா போக வேண்டும், அதற்கான பணத்தை அந்தக் குடும்பத்தால் திரட்ட முடியவில்லை, அவர் இறந்துபோனார். அந்த மரணம்தான் 1983இல் சென்னையில் அப்போலோ மருத்துவமனையைத் திறக்கத் தன்னைத் தூண்டியது என்று ரெட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த இளைஞரின் உயிரைப் பறித்ததில் தூரத்துக்கும் பங்குண்டு, பணத்துக்கும் பங்குண்டு. அப்போலோ தூரத்தை நீக்கியது. அது சிறிய சாதனை இல்லை. அமெரிக்காவில் செய்ததைச் சென்னை கிரீம்ஸ் சாலையில் செய்யலாம் என்றானது. பணம் மட்டும் அப்படியே நின்றது. தொகை குறைந்தது, ஆனால் கூலிக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் அது எட்டாத தொகையாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் அரகொண்டாவிலேயே செயற்கைக்கோள் வழித் தொலைமருத்துவம் வந்தது. அமெரிக்க அதிபர் கிளின்டன் அதைத் தொடங்கிவைத்தார். அதுவும் தூரத்தை வென்ற கதைதான்.

திருப்பதியின் விடை வேறு. 1985இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் எலும்பு, மூட்டு, ஊனம் தொடர்பான சிகிச்சைக்கு 'பர்டு' மருத்துவமனையைத் தொடங்கியது. 1993இல் ஸ்விம்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் திறக்கப்பட்டது. ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கென்றே நன்கொடை வாங்கும் பிராணதான டிரஸ்ட் இருக்கிறது. 2021 அக்டோபரில் பர்டு வளாகத்தில் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை வந்தது. 2022 மே மாதம் டாட்டா டிரஸ்ட் கட்டிய புற்றுநோய் மருத்துவமனை அலிபிரி அருகே திறக்கப்பட்டது. உண்டியலில் விழும் காசு ஒரு குழந்தையின் இதயத்தில் உள்ள ஓட்டையை அடைக்கிறது என்றால், அதைவிட நல்ல பிரார்த்தனை எது இருக்க முடியும்? இதை நான் மனமார எழுதுகிறேன்.

ஆனால் நன்கொடைக்கு ஓர் இயல்பு உண்டு. கண்ணுக்குத் தெரியும் பெரிய காரியத்துக்கு அது மனமுவந்து வரும். குழந்தையின் இதய அறுவைக்கு நன்கொடையாளர் கிடைப்பார். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இருபது ஆண்டுகள் தினமும் தேவைப்படும் ரத்த அழுத்த மாத்திரைக்குப் பணம் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. தவிரவும் அது திருப்பதிக்கு வந்து சேர்பவர்களுக்கான கருணை. ஏழுமலையான் சன்னிதியில் எல்லோருக்கும் இடமுண்டு என்றாலும் புங்கனூரிலிருந்தும் குப்பத்திலிருந்தும் வந்து போக ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும்.

மிஷனின் விடையைப் பலரும் மறந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்யவரம் என்ற இடத்தில் பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுசேர்ந்து 1915இல் காசநோய் சானடோரியம் திறந்தன. டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவர் கிறிஸ்தியன் ஃப்ரிமோட் மோல்லர் அதை உருவாக்கினார். வறண்ட, குளிர்ந்த காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு: மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் காசநோய்க்கு அவ்வளவுதான் சிகிச்சை. நோயாளி மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் அங்கே தங்க வேண்டும். அந்தச் சிகிச்சையின் உண்மையான விலையைச் சானடோரியம் வாங்கிய கட்டணத்தைக் கொண்டு கணக்கிட முடியாது. வீட்டில் உழைக்கும் ஒருவர் இல்லாமல் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்பதையும் சேர்த்தால்தான் அது தெரியும்.

மருந்து வந்த பிறகு, 1950களின் பிற்பகுதியில் சென்னையில் ஒரு சோதனை நடந்தது. சேத்துப்பட்டில் இயங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்து, மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து கொடுத்தது. நெரிசலான, ஏழ்மையான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானதும் உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவத்தின் போக்கு மாறியது. இந்தியாவில் 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை காசநோய் மருந்தை இலவசமாகக் கொடுப்பதே அரசின் கொள்கை. ஏழைக் குடும்பங்களுக்கான வெள்ளை ரேஷன் கார்டு கேட்பதில்லை, வருமானச் சான்று கேட்பதில்லை, படுக்கையில் சேர வேண்டியதில்லை. 2018 ஏப்ரல் முதல் நோயாளியின் சாப்பாட்டுக்காக மாதம் 500 ரூபாயும் தரப்பட்டது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. குறைகள் நிறைய உண்டு, மருந்துத் தட்டுப்பாடு வந்த காலங்களும் உண்டு. என்றாலும் நோயைத் தேடிப் போய்க் கண்டுபிடித்து, வீட்டருகே மருந்து கொடுத்து, சாப்பாட்டுச் செலவையும் வைத்தியத்தின் பகுதியாக ஒப்புக்கொண்ட முறை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதே முறை சர்க்கரை நோய்க்கு, ரத்த அழுத்தத்துக்கு, சிறுநீரக நோய்க்கு ஏன் முழுமையாக வரவில்லை?

வராததற்குக் காரணம் 2007க்குப் பின் வந்த திசைமாற்றம் என்று நினைக்கிறேன். அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி முதலமைச்சராக இருந்தபோது வைத்திய உதவி கேட்டு முதலமைச்சர் நிவாரண நிதிக்கு மனுக்கள் குவிந்தன. அவரே மருத்துவர், புலிவெந்துலாவில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 2004 முதல் 2007 வரை சுமார் 55,000 பேருக்கு அந்த நிதியிலிருந்து 168 கோடி ரூபாய்க்கு மேல் போனது. மனு எழுத ஆள், எம்.எல்.ஏ. சிபாரிசு, ஹைதராபாத் பயணம் என்று நடந்துகொண்டிருந்ததை ஒரு சட்டகத்துக்குள் கொண்டுவர 2007 ஏப்ரல் 1 அன்று மூன்று மாவட்டங்களில் ராஜீவ் ஆரோக்யஸ்ரீ தொடங்கப்பட்டது. இரண்டாம் கட்டத்தில், அதே ஆண்டு டிசம்பரில், சித்தூர் சேர்ந்தது. 2008 ஜூலைக்குள் மாநிலம் முழுக்கப் பரவியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம், தேவைப்பட்டால் இன்னும் 50,000. மருத்துவமனை வாசலிலேயே ஆரோக்யமித்ரா என்ற உதவியாளர் உட்கார்ந்திருப்பார். சிபாரிசு இல்லாமல், கெஞ்சாமல், கார்டைக் காட்டி உள்ளே போகலாம் என்ற அந்த மாற்றம் ஏழைகளின் தன்மானத்துக்குக் கிடைத்த பெரிய மரியாதை. 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்கும், 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத்துக்கும் இதுவே முன்மாதிரி.

இதன் பலனை அளந்த ஆய்வுகளும் உண்டு. விக்டோரியா ஃபேன், அனூப் கரன், அஜய் மஹால் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, முதல் கட்ட மாவட்டங்களில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் கைச்செலவு குறைந்ததாகக் காட்டியது. இதற்கு எதிர்ப்பக்கத்தில், ஹைதராபாத் அன்வேஷி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ராஜன் சுக்லா, வீணா சத்ருக்னா, ஆர். ஸ்ரீவத்சன் ஆகியோர் 2011இல் கடுமையான ஒரு கணக்கை வைத்தார்கள். மாநில மருத்துவ பட்ஜெட்டில் ஏறத்தாழ கால் பங்கு, மொத்த நோய்ச்சுமையில் சுமார் இரண்டு சதவீதமே உள்ள நோய்களுக்குப் போகிறது. அதுவும் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறது என்பது அவர்கள் வாதம். கருப்பை நீக்கம் போன்ற அறுவைகள் தேவையில்லாமல் செய்யப்படுகின்றன என்ற புகார் எழுந்து, பிற்பாடு அதை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டி வந்தது. இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். அறுவைக்கு விலை வைத்தால் அறுவை கிடைக்கும். அறுவை தேவைப்படாமல் ஒருவரைப் பார்த்துக்கொண்டால் அதற்கு யாரும் பில் போட முடியாது.

ஆட்சி மாறும்போதெல்லாம் இத்திட்டத்தின் பெயரும் மாறியது. என்.டி.ஆர். வைத்ய சேவா, ஒய்.எஸ்.ஆர். ஆரோக்யஸ்ரீ, 2024க்குப் பிறகு மீண்டும் என்.டி.ஆர். வைத்ய சேவா. வரம்பு இரண்டரை லட்சமானது, 5 லட்சமானது, 25 லட்சமானது. 2019 நவம்பர் 1 முதல் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மருத்துவமனைகளில் 716 சிகிச்சைகளுக்கு அட்டை செல்லும் என்று ஆனது. நகரி, புத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. எல்லையோர மக்கள் வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்குப் போவது பழைய வழக்கம்; சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. நாற்பது கிலோமீட்டருக்குள்தான்.

வரம்பு இத்தனை உயர்ந்தும் கடன் ஏன் நிற்கவில்லை? ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, நோய் வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்பில் லேசான வலி. முதலில் ஊரில் இருக்கும் ஆர்எம்பி டாக்டர்; ஊசி, மாத்திரை. நிற்கவில்லை. அவர் கைகாட்டும் தனியார் நர்சிங் ஹோம்; ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, ஸ்கேன். அங்கேயும் தெளிவில்லை. வேலூருக்கோ திருப்பதிக்கோ கார் வைத்துப் பயணம். அங்கே மறுபடியும் எல்லாப் பரிசோதனையும். கடைசியில் இதயத்தில் அடைப்பு என்று தெரிந்து, அட்மிஷன் போட்ட பிறகுதான் அட்டை வேலை செய்யத் தொடங்குகிறது. அதுவரை ஆன செலவு முழுவதும் கையிலிருந்து. டிஸ்சார்ஜ் ஆனபின் சில சிகிச்சைகளுக்கு ஓராண்டு மருந்தும் பரிசோதனையும் திட்டத்திலேயே உண்டு. மற்றவர்களுக்கு மறுபடியும் கைக்காசு. படுக்கையில் சேராதவரை, அட்டை வைத்திருப்பவரும் காப்பீடு இல்லாதவர்தான்.

தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தின் 75ஆவது சுற்று, 2017-18இல் எடுத்த கணக்கு, இதை நாட்டளவில் காட்டுகிறது. பிரசவம் தவிர்த்து மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்தால் ஆகும் சராசரிச் செலவு தனியாரில் 31,845 ரூபாய்; அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். இலவசம் என்று சொல்லப்படும் இடத்திலேயே நாலாயிரத்துக்கு மேல் ஆகிறது. கிராமப்புறத்தில் இந்தச் செலவுக்கு முதன்மையாகக் கடனை நம்பியவர்கள் 13 சதவீதம். தேசிய மருத்துவக் கணக்கின்படி மொத்த மருத்துவச் செலவில் மக்களின் கைக்காசு 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் மிச்சம் உள்ள கைச்செலவில் பெரும்பங்கு மருந்துக்கும் புறநோயாளி சிகிச்சைக்கும் போகிறது. ஐ.சி.எம்.ஆர். 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். அவர்கள் வாழ்நாள் முழுதும் மருந்துக்கடை வாசலில் நிற்பவர்கள்.

அட்டையின் எல்லை எங்கே முடிகிறது என்பதை 2022 ஏப்ரலில் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை நாட்டுக்கே காட்டியது. ராஜம்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளி ஒருவரின் சிறுவயது மகன் சிறுநீரகக் கோளாறால் அங்கே இறந்தான். சிகிச்சைக்கு யாரும் பணம் கேட்கவில்லை. உடலைச் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊருக்குக் கொண்டுபோக, வாசலில் நின்ற தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் பத்தாயிரம் ரூபாய் கேட்டதாகவும், வெளியிலிருந்து வந்த வண்டியை விடவில்லை என்றும் செய்தி வந்தது. தந்தை மகனின் உடலை மோட்டார் சைக்கிளில் வைத்து எடுத்துச் சென்றார். கைதுகள் நடந்தன, விசாரணை நடந்தது, ஆம்புலன்ஸ் கட்டணம் முறைப்படுத்தப்படும் என்றார்கள். உயிரோடு இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுவர 2005 முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. திரும்பிப் போவதற்கு யார் பொறுப்பு என்பது எந்தச் சிகிச்சைப் பட்டியலிலும் இல்லை. அதே மருத்துவமனையில் 2021 மே 10 அன்று ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து 11 கொரோனா நோயாளிகள் இறந்தார்கள்; தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய டேங்கர் தாமதமானது. 25 லட்சமோ 25 கோடியோ, எந்தக் காப்பீட்டு வரம்பும் அந்தக் குழாயில் ஆக்சிஜனை நிரப்பியிருக்காது. அரசு மருத்துவமனையைப் பேணுவது தனிச் செலவு. அட்டைக்குப் பணம் ஒதுக்கியதும் அந்தக் கடமை முடிந்துவிட்டதாக அரசுகள் நடந்துகொள்வதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

இப்போது நடக்கும் விவாதத்துக்கு வருகிறேன். தனியார் மருத்துவமனைகள் நிலுவைத் தொகைக்காக 2024 மே மாதமும் 2025 அக்டோபரிலும் அட்டைச் சிகிச்சையை நிறுத்தின. அரசு கொடுக்க வேண்டிய பாக்கிக்கு நோயாளியின் அறுவைத் தேதி பிணையாகிறது. 2025 செப்டம்பரில் சந்திரபாபு நாயுடு அமைச்சரவை புதிய ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது: முதல் இரண்டரை லட்சம் வரை காப்பீட்டு நிறுவனம், அதற்கு மேல் 25 லட்சம் வரை அரசின் டிரஸ்ட், காப்பீட்டுப் பகுதி வருமான வேறுபாடின்றி எல்லாக் குடும்பங்களுக்கும். எல்லோருக்கும் என்ற சொல்லை வரவேற்கிறேன். 2021இல் நிதி ஆயோக் அறிக்கை சுட்டிய, எந்தக் காப்பீடும் இல்லாத 40 கோடி நடுத்தர மக்களின் பிரச்சினைக்கு இது ஒரு பதில். ஆனால் 2007இல் ஆரோக்யஸ்ரீ காப்பீட்டு நிறுவனத்தோடுதான் தொடங்கியது, 2008இல் அரசின் டிரஸ்டே நேரடியாக நடத்தத் தொடங்கியது. பதினேழு ஆண்டுகள் கழித்துப் பாதி வழி திரும்பிப் போகிறோம். நிறுவனமா டிரஸ்டா என்பது மருத்துவமனையின் பில்லை யார் கட்டுவது என்ற விவாதம். நர்சிங் ஹோம் வாசலில் ஸ்கேனுக்குப் பணம் தேடும் குடும்பத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

கட்டிக்கொண்டிருந்த பத்து அரசு மருத்துவக் கல்லூரிகளைத் தனியார் கூட்டில் நடத்துவது என்ற முடிவும் அதே மாதம் வந்தது. அதில் மதனப்பள்ளியும் ஒன்று. எதிர்க்கட்சி இதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. சித்தூருக்கு இது புதிதல்ல. 2016இல் அங்கே தொடங்கிய அப்போலோ மருத்துவக் கல்லூரி, அரசின் மாவட்டத் தலைமை மருத்துவமனையையே மாணவர்களின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியைப் பெற்றது. அப்போதும் எதிர்ப்பு எழுந்தது. தனியார் என்றாலே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஏழைகளுக்கான இலவச ஓபி, மருந்து, பரிசோதனை எத்தனை பேருக்கு நடந்தது என்ற கணக்கு மாதந்தோறும் வெளியாகாத எந்தக் கூட்டு ஒப்பந்தத்தையும் நம்ப மாட்டேன்.

வேறு வழி இருக்கிறதா? தாய்லாந்து 2001இல் '30 பாட்' திட்டத்தைத் தொடங்கியபோது ஆரம்பத்திலேயே புறநோயாளி சிகிச்சையையும் உள்ளே கொண்டுவந்தது. மாவட்ட மருத்துவமனைக்கு அங்கே பதிவான மக்களின் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. ஆளைப் படுக்கையில் சேர்த்தால்தான் வருமானம் என்ற நிலை இல்லாததால், நோயை முன்கூட்டியே பிடிப்பதில் மருத்துவமனைக்கு நஷ்டமில்லை. அங்கே கைச்செலவு இன்று மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது. பக்கத்திலேயே பார்த்தால், 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது; 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோனது. ஆந்திராவும் 2023 ஏப்ரலில் குடும்ப மருத்துவர் திட்டத்தைத் தொடங்கி, 104 நடமாடும் மருத்துவ வண்டியோடு டாக்டரைக் கிராமத்துக்கே அனுப்பியது. முந்தைய ஆட்சியின் திட்டம் என்பதற்காக இது தேய்ந்துபோகக் கூடாது.

நோயாளி இழக்கும் கூலியையும் இந்த மாநிலம் ஒருமுறை கணக்கில் எடுத்தது. 2019 டிசம்பரில் வந்த ஆரோக்ய ஆசரா, அறுவைக்குப் பின் ஓய்வெடுக்கும் நாளுக்கு 225 ரூபாய், மாதம் 5,000 வரை கொடுத்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியமும் உண்டு. காசநோயாளிக்குச் சாப்பாட்டுப் பணம் கொடுத்த அதே நியாயம்தான் இவற்றின் பின்னால் இருப்பது. புதிய காப்பீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது பிரீமியத்துக்கு ஒதுக்கும் தொகைக்குக் குறையாமல் மூன்று செலவுகளுக்குத் தனியே ஒதுக்க வேண்டும்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையில்லாத சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து, மண்டல் அளவில் இலவச ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும், அரசு மருத்துவமனைக்கு வரவும், அங்கிருந்து வீடு திரும்பவும், உயிரோடு இருந்தாலும் இறந்தாலும், இலவச வண்டி. குப்பத்திலும் நகரியிலும் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இனி 25 லட்சம் பற்றிக் கேட்பதைவிட, போன மாதம் அந்த ஊர் சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் எத்தனை நாள் இருந்தது என்று கேட்பது பலன் தரும்.